இணையவழி ஓவிய வகுப்பு: யாரும் எதிர்பார்க்காத பலன்கள் எவை? செய்முறையோடு சொல்லுங்கள்

வெள்ளைத்தாள்

வணக்கம். ஓவிய வகுப்பை இணையத்துக்கு மாற்றினால் என்னவெல்லாம் போய்விடும் என்று நிறையப் பேசியாகிவிட்டது. கையைப் பிடித்துத் திருத்த முடியாது, தாளின் சொரசொரப்பைத் தொட்டுக் காட்ட முடியாது, வண்ணம் திரையில் வேறாகத் தெரியும். எல்லாம் சரிதான். நான் கேட்பது மறுபக்கம். நேரடி வகுப்பில் கிடைக்கவே கிடைக்காத எது இதில் கிடைக்கிறது?

பாடம் பென்சில், கரி, நீர்வண்ணம் மூன்றும்தான். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள், வகுப்புக்கு 12 பேர். ஆசிரியர் கையில் ஒரு போன், ஒரு லேப்டாப். பயண நேரம் மிச்சம், வீட்டிலிருந்தே படிக்கலாம் என்ற பதில்கள் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும், அவை வேண்டாம். வரைதலுக்கென்றே உரிய பலனைச் சொல்லுங்கள். அதைப் பெற எதை எப்படி அமைக்க வேண்டும், எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தூரிகைநுனி

முதல் பலன், உட்காரும் இடம். ஆசிரியர் வரைந்து காட்டும்போது 12 பேர் மேசையைச் சுற்றி நின்றால் இரண்டு பேருக்குத்தான் தூரிகை நுனி தெரியும். எதிரே நிற்பவருக்குப் படம் தலைகீழ். வலப்பக்கம் நிற்பவருக்கு ஆசிரியரின் கையே மறைக்கும். மேசைக்கு மேலே ஒரு போனை மாட்டிவிட்டால் ஆசிரியரின் கண் இருக்கும் இடம் 12 பேருக்கும் கிடைத்துவிடுகிறது. பென்சிலை எவ்வளவு சாய்க்கிறார், கோடு மணிக்கட்டிலிருந்து வருகிறதா தோளிலிருந்து வருகிறதா, தாளில் படுவது தூரிகையின் வயிறா நுனியா என்பதை வாயால் விளக்குவது கடினம். பார்த்தால் அரை நிமிடத்தில் புரியும்.

போனின் முதன்மை லென்ஸைப் பயன்படுத்துங்கள். 40 முதல் 50 செ.மீ. உயரத்தில் வைத்தால் ஏ4 தாளும் பக்கத்தில் வண்ணத்தட்டும் சேர்ந்து அடங்கும். அகலக்கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும். லென்ஸ் தாளுக்கு நேர் மேலே, தாளுக்கு இணையாக இருக்க வேண்டும். சரிபார்ப்பது சுலபம்: திரையில் தாளின் எதிரெதிர் விளிம்புகள் இணையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் குறுகினால் நீங்கள் போடும் வட்டம் மாணவருக்கு முட்டையாகத் தெரியும். அவரும் உண்மையாக முட்டையையே வரைந்து வைப்பார்.

அடுத்து எக்ஸ்போஷர், அதாவது கேமரா உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு. கேமராவின் சட்டம் (திரையில் தெரியும் செவ்வகம்) முழுக்க வெள்ளைத்தாள் இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். கை உள்ளே வந்ததும் திடீரென வெளுக்கும், ஃபோகஸ் அலையும். வகுப்பு தொடங்கும் முன் தாள்மேல் ஒரு பென்சிலை வைத்து, திரையில் அதை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைச் சற்று ஏற்றுங்கள். வொயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்) பூட்ட வசதி இருந்தால் அதையும் பூட்டுங்கள்.

விளக்கில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். போனைச் சுற்றி மாட்டும் வளைய விளக்கு முகத்துக்கு நல்லது, தாளுக்கு மோசம். ஈரமான நீர்வண்ணத்தின்மேல் ஒரு வெள்ளை வளையம் அப்படியே மிதக்கும். 4பி, 6பி போன்ற மென்மையான, கருமையான பென்சிலில் அழுத்திய இருட்டுப் பகுதி மினுங்கி வெளுத்துத் தெரியும். மாணவர் பார்க்க வேண்டிய அடர்த்தியே காணாமல் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில், தாளுக்கு 45 பாகை சாய்வில் வையுங்கள். பளபளப்பு எதிர்ப்பக்கம் போய்விடும், கேமராவுக்கு வராது. வலக்கையால் வரைபவர் விளக்கை இடப்பக்கம் வைக்க வேண்டும். இல்லையென்றால் கையின் நிழல் சரியாகக் கோட்டின் நுனியில் விழும். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் அது எல்இடி விளக்கின் துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டரை (ஒரு படத்துக்குக் கேமரா ஒளி வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்றும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 என்றும் வையுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: இடக்கைக்காரர்கள். நேரடி வகுப்பில் வலக்கை ஆசிரியரைப் பார்க்கும் இடக்கை மாணவர் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓபிஎஸ் என்ற இலவச வீடியோப் பதிவு மென்பொருளில் கேமராப் படத்தை வலம்-இடமாகத் திருப்பினால் ஆசிரியர் இடக்கைக்காரராகிவிடுகிறார். நிழல்கோடுகளின் சாய்வு, கை தாளில் ஊன்றும் இடம், மை கலையாமல் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது எல்லாம் அவருக்கு நேராகவே கிடைக்கும். அதே பதிவை இரண்டு விதமாகவும் சேமித்துக் கொடுங்கள். எழுத்து வரும் இடங்கள் மட்டும் திரும்பிவிடும், அவ்வளவுதான்.

ஒலியையும் விட்டுவிடாதீர்கள். ஜூம் போன்றவை பென்சில் உரசும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். அமைப்பில் அசல் ஒலியைத் திறந்துவிட்டு மைக்கைத் தாளருகே வைத்தால், மெல்லிய அழுத்தத்துக்கும் கடும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் காதிலேயே விழும். கரி பிடிக்கும் கையின் பாரத்தைச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நீர்க்குமிழ்

நீர்வண்ணத்துக்குப் பெரிய லாபம், பதிவு. வெறுமனே பதிவு இருப்பது போதாது, அதில் கடிகாரம் இருக்க வேண்டும்.

ஈரத்தின்மேல் வண்ணம் விடுவதில் எல்லாமே நேரம்தான். தாள்மேல் தண்ணீர் குளம்போல் நிற்கும் கட்டம், கண்ணாடிபோல் பளபளக்கும் கட்டம், பளபளப்பு மங்கிப் பட்டுத்துணிபோல் ஆகும் கட்டம், பளபளப்பு போய்த் தொட்டால் மட்டும் குளிர்ச்சி இருக்கும் கட்டம், முழுக்க உலர்ந்த கட்டம். பளபளக்கும்போது விட்டால் வண்ணம் ஓடிப் பரவும். மங்கும்போது விட்டால் மெதுவாக, ஓரம் மென்மையாக நிற்கும். மங்கிய பிறகு அதிகத் தண்ணீர் ஏந்திய தூரிகையை வைத்தால், புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிவிடும். தொடங்குபவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான்.

தலைக்கு மேலுள்ள கேமராவில் இந்தப் பளபளப்பு தெரியாது. இரண்டாவது கேமராவைத் தாழ்வாக, 20–30 பாகையில், ஜன்னலைப் பார்த்தபடி வையுங்கள். கேமராவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தாள். ஜன்னல் வெளிச்சம் ஈரத்தில் பட்டு நேராக லென்ஸுக்கு வரும். மங்கல் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்வது அப்படியே தெரியும். நேரடி வகுப்பில் அந்தக் கோணத்தில் குனிந்து பார்க்க ஒருவருக்குத்தான் இடம்.

சட்டத்துக்குள் ஒரு டைமர் ஓடட்டும். காயும் இடைவெளியை வெட்டாதீர்கள். பார்ப்பவர் வேண்டுமானால் ஓட்டிப் பார்க்கட்டும், ஆனால் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். தூரிகை தொடும் நொடிகளைப் பாதி வேகத்தில் இரண்டு மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து நடப்பது இன்னும் நல்லது. ஒரே அறையில் எல்லோருக்கும் ஒரே ஈரப்பதம், ஒரே தாள். இணையத்தில் 12 பேர், 12 அறை. ஒருவருக்கு மின்விசிறி, ஒருவருக்கு மூடிய ஜன்னல். ஒருவரிடம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) பருத்தித்தாள், இன்னொருவரிடம் 200 ஜிஎஸ்எம் மரக்கூழ்த்தாள். ஆசிரியருக்கு ஐந்து நிமிடத்தில் மங்கியது ஒருவருக்கு இரண்டு நிமிடத்திலேயே மங்கும். நிமிடத்தை மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொள்வார், பளபளப்பைப் பார்க்கக் கற்றவர் எந்த அறையிலும் வரைவார். 12 முடிவுகளையும் ஒரே திரையில் வைத்து, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டாலே அது ஒரு முழுப் பாடம்.

வண்ணக்குழாயும் அப்படியே. ஒவ்வொருவர் வீட்டிலும் வேறு வேறு பெட்டி இருப்பதால், பெயரை நம்ப முடியாமல் பின்னால் அச்சிட்ட நிறமிக் குறியீட்டை (உள்ளே உண்மையில் எந்த நிறப்பொடி என்று காட்டும் எண்) படிக்கப் பழகுகிறார்கள். அல்ட்ராமரைன் நீலம் என்றால் பி.பி. 29. பர்ன்ட் சியன்னா என்று எழுதியிருக்கும் குழாய் ஒன்றில் பி.பிஆர். 7 இருக்கும், இன்னொன்றில் பி.ஆர். 101 இருக்கும், நீலத்தோடு கலந்தால் வரும் சாம்பல் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. வகுப்பில் ஒரே பெட்டியைக் கொடுத்துவிட்டால் இதைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள்.

நிழற்கோடு

மேலே இருவரும் சொன்னது ஆசிரியரின் கையைப் பற்றி. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, மாணவர் தன் படத்தையே வெளியே நின்று பார்ப்பது.

ஒரு படத்தை அனுப்ப வேண்டும் என்றால் அதைச் சுவரில் நிறுத்த வேண்டும், தள்ளி நிற்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பாதிப் பிழை அவருக்கே தெரிந்துவிடுகிறது. மடியில் சாய்த்து வரைந்த படம், நிமிர்த்தி வைத்ததும் மேல்பாதி நீண்டிருப்பது கண்ணில் படும். அனுப்பும் முன் மூன்று வேலை செய்யச் சொல்லுங்கள்: கருப்பு வெள்ளையாக்கிப் பார், வலம்-இடமாகத் திருப்பிப் பார், தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார். முதலாவதில் இருட்டு போதவில்லை என்பது தெரியும். இரண்டாவதில் முகத்தின் கோணல் தெரியும். மூன்றாவதில் படத்தின் பெரிய வடிவங்கள் நிற்கின்றனவா என்று தெரியும். யோசனை ஒன்றும் புதிதல்ல. வேலையைத் தட்டையான கண்ணாடியில் பார், எழுந்து தள்ளிப் போய்ப் பார் என்று லியொனார்டோ டா வின்சி தன் குறிப்புகளிலேயே ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தக் கண்ணாடி எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

போட்டோ எடுக்கும் முறையையும் ஒருமுறை கற்றுக்கொடுத்துவிடுங்கள். தாளைச் சுவரில் ஒட்டி, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூமில், லென்ஸ் படத்தின் நடு உயரத்தில். ஜன்னல் பக்கவாட்டில். ஃப்ளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம்.

இரண்டாவது பலன், திருத்தம். நேரடி வகுப்பில் ஆசிரியர் மாணவரின் தாளிலேயே கோடு போட்டுத் திருத்துவார். படம் சரியாகிவிடும், ஆனால் அது பாதி ஆசிரியர் படம். இணையத்தில் போட்டோவை கிரிட்டா போன்ற இலவச மென்பொருளில் திறந்து, மேலே புதிய லேயர் (படத்தின்மேல் வைத்த கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு) ஒன்றில் சிவப்புக் கோட்டால் காட்டலாம். படத்தின் லேயரைப் பாதி மங்கலாக்கினால் சிவப்பு தெளிவாக நிற்கும். மூலத்தாளில் கீறல் விழாது. திருத்துவது மாணவரின் கைதான்.

ஒரு எடுத்துக்காட்டு. மேசைமேல் வைத்த குவளை. வாய் வட்டத்தைப் பெரும்பாலோர் நன்றாக நீள்வட்டமாகப் போட்டுவிடுவார்கள். அடியை மட்டும் ஏறக்குறைய நேர்கோடாக்கிவிடுவார்கள். குவளை தட்டையான மேசையில் நிற்கிறது என்ற அறிவு கண்ணை ஏமாற்றிவிடுகிறது. உண்மையில் அடிவட்டம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் வாய் வட்டத்தைவிடச் சற்று அதிகமாகத் திறந்து தெரிய வேண்டும். லேயரில் வாயின் நீள்வட்டத்தை முழுதாக வரையுங்கள். அதை நகலெடுத்துக் கீழே இறக்கிக் குவளையின் அடியில் வைத்து, உயரத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். மாணவரின் நேர்கோடு அந்த வளைவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும். பிறகு லேயரை அணைத்துவிட்டு, இப்போது நீ போடு என்று சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கம்: முடிந்த படத்தை மட்டும் வாங்காதீர்கள். 15 நிமிடத்துக்கு ஒரு போட்டோ. கடைசிப் படத்தில் கண் ஒத்துவரவில்லை என்றால் காரணம் கண்ணில் இருக்காது. முதல் போட்டோவில் கண்கள் தலையின் பாதி உயரத்தில் இல்லாமல் நெற்றிக்கு ஏறியிருக்கும். நேரடி வகுப்பில் அந்த முதல் கட்டம் மேல்பூச்சுக்குள் மறைந்து போயிருக்கும், காட்டவே முடியாது.

கூச்சப்படும் பிள்ளைகள் பற்றி ஒரு வரி. கேமராவை முகத்துக்குத் திருப்பச் சொல்லாமல் தாளுக்குத் திருப்பச் சொல்லுங்கள். ஓவிய வகுப்புக்குத் தேவையானது தாள்தான்.

கண்மட்டம்

பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவதை வரையும் முறை) பாடத்துக்குக் கேமராவே கருவி என்பதை யாரும் சொல்லவில்லையே. 1525இல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் வெளியிட்ட அளவியல் நூலில், ஒருவர் கண்ணை ஓரிடத்தில் நிலைநிறுத்தி, எதிரே உள்ள கண்ணாடிப் பலகையில் தெரியும் உருவத்தை அதன்மேலேயே வரையும் படம் உண்டு. வீடியோத் திரை அதே கண்ணாடிப் பலகைதான்.

ஒரு அட்டைப்பெட்டியை மூலை முன்னால் வரும்படி மேசையில் வையுங்கள். போனை நேராக நிமிர்த்தி, புத்தக அடுக்கின்மேல் வைத்துப் படிப்படியாக உயர்த்துங்கள். லென்ஸ் பெட்டியின் மேல்விளிம்பு உயரத்துக்கு வரும்போது மேல்தளம் ஒரே கோடாக மறையும். மேலே ஏறினால் தளம் திறக்கும். ஒவ்வொரு உயரத்திலும் நிறுத்தி, திரைமேல் வரையும் வசதியால் பெட்டியின் பக்கக் கோடுகளை நீட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் லென்ஸ் உயரக் கோட்டிலேயே போய்ச் சேரும். கண்மட்டம் என்றால் என்ன என்பதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது. போனை மட்டும் கீழ்நோக்கிச் சாய்த்துவிடாதீர்கள். சாய்த்தால் செங்குத்துக் கோடுகளும் கீழே குவிந்து மூன்றாவது மறைபுள்ளி (கோடுகள் போய்ச் சேரும் இடம்) வந்து குழப்பும்.

அருங்காட்சியகப் படங்களும் அப்படித்தான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், ரெம்ப்ராண்டின் 1642ஆம் ஆண்டு இரவுக்காவல் ஓவியத்தை 2022இல் 717 ஜிகாபிக்சல் (71,700 கோடி புள்ளிகள்) படமாக வெளியிட்டது. அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையே 5 மைக்ரோமீட்டர்தான். நேரில் போய் நிற்பவருக்குக் கிடைக்காத நெருக்கம் இது. ஒரு சரிகை ஓரத்தில் தூரிகை எங்கே தடிமனாக ஏறியிருக்கிறது என்று வகுப்பு முழுக்க ஒரே இடத்தைப் பார்த்துப் பேசலாம். முதலில் முழுப் படம், பிறகு சரிகை, மறுபடி முழுப் படம். உருப்பெருக்கத்திலேயே நின்றுவிட்டால் படத்தை மறந்துவிடுவார்கள்.

கரித்துகள்

எல்லாம் சரி. ஆனால் இரண்டு இடத்தில் எச்சரிக்கை தேவை.

வண்ணத்தைத் திரையில் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். போன் தானாகவே நிறத்தை ஏற்றும். மாணவர் நிதானமாகக் கலந்த மங்கல் பச்சை உங்களுக்குப் பளிச்சென்று வரும். போட்டோவில் படத்தின் பக்கத்தில் வண்ணம் தீட்டாத அதே தாளின் ஒரு துண்டை வைக்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டு மஞ்சளாகத் தெரிந்தால் முழுப் படமும் மஞ்சளாகியிருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் ஒளி-இருள், எது சூடு எது குளிர்ச்சி என்ற ஒப்பீடு வரை பேசலாம். இந்த நீலம் சரியா என்று பேச முடியாது.

இரண்டாவது, ஸ்டில் லைஃபுக்கு, அதாவது அசையாப் பொருள்களை வைத்து வரைவதற்கு, போட்டோ அனுப்பி வரையச் சொல்வது. ஆழத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமரா செய்து முடித்துவிட்டது. வரைபவர் கற்க வேண்டியதே அந்த வேலைதான். ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள உண்மையான பொருள்களையே வரைய வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியின் மேல்மூடியையும் முன்பக்கத்தையும் வெட்டி எடுத்து, உள்ளே பொருளை வைத்து, பக்கத்தில் ஒரே ஒரு மேசைவிளக்கு. அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டு வெளிச்சம் இருந்தால் இரண்டு நிழல் விழும்; தொடங்குபவர் இரண்டையும் அரைகுறையாகப் போட்டுக் குழம்புவார்.

கரிப்படத்துக்கு ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடிக்கும் தெளிப்பு) அடிப்பதை வகுப்பு நேரத்தில் மூடிய அறைக்குள் செய்ய விடாதீர்கள். பக்கத்தில் நின்று தடுக்க நீங்கள் அங்கே இல்லை. திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் துணையோடு, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய இரண்டு பூச்சு போதும்.

வெள்ளைத்தாள்

எல்லோருக்கும் மிக்க நன்றி. குவளை எடுத்துக்காட்டையும் டைமர் யோசனையையும் உடனே எழுதி வைத்துக்கொண்டேன். நீர்க்குமிழ் அவர்களே, ஒரு சந்தேகம். போன் ஒன்றுதான், அது மேலே மாட்டியிருக்கும். தாழ்கோணத்துக்கு எங்கே போவது?

நீர்க்குமிழ்

லேப்டாப்பின் கேமராவே போதும். மேசையின் ஒரு முனையில் லேப்டாப்பை ஜன்னலைப் பார்க்க வையுங்கள், நடுவில் தாள். கேமரா தாளைப் பார்க்கும்வரை திரையை முன்பக்கம் மடக்குங்கள். ஜன்னல் அதிகமாகத் தெரிந்தால் தாள் இருட்டிவிடும், அதனால் சட்டத்தின் மேல்பகுதிக்குள் ஜன்னல் வராதபடி இன்னும் மடக்குங்கள். ஜூமில் திரைப் பகிர்வின் கூடுதல் தேர்வுகளில் இரண்டாவது கேமராவைப் பகிரும் வசதி இருக்கிறது. போனை அதில் போட்டுவிட்டு லேப்டாப் கேமராவை வழக்கமான வீடியோவாக விட்டுவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் போகும். பகிரும் படத்தில் அசைவு சற்றுத் தடுமாறினாலும் கூர்மை நன்றாக நிற்கும், அதனால் போனை அதில் போடுவதே சரி.

லேப்டாப்புக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கும் ஒரு கை இடைவெளி விடுங்கள். கிண்ணம் தூரிகை பிடிக்கும் கைப்பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் சொட்டும் தூரிகை ஒவ்வொரு முறையும் தாளைத் தாண்டிப் போகும், அந்தச் சொட்டே காலிஃபிளவரும் ஆகும்.